காஸ் வராத வாய்

ஜூன் 3
பள்ளியிலிருந்து போன். தேர்வுக் குழு முன்னால் பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். பிடித்துப்போனால் நிரந்தர வேலை. தலைப்பு: திரிகோணமிதி, கூட்டல் சூத்திரங்கள். ‘க’வில் தொடங்கும் எந்தச் சொல்லும் எனக்குத் திக்கும். சைன் வரும், காஸ் வராது. கணக்கு டீச்சருக்குக் ‘கணக்கு’ என்றே சொல்ல வராது, மேத்ஸ் என்று சமாளிக்கிறேன். கூட்டல் பிளஸ், கழித்தல் மைனஸ். காஸுக்கு மாற்றுப் பெயர் கொசைன். உருப்பட்டாற்போலத்தான்!

ஜூன் 5
வழி கிடைத்தது. டேன்! மேலே டேன் 20 பிளஸ் டேன் 25, கீழே 1 மைனஸ் டேன் 20 டேன் 25. அத்தனையும் சுருங்கி டேன் 45, அதாவது வெறும் 1. ஒரு காஸ்கூட இல்லை. அக்காவிடம் தங்குதடையில்லாமல் நடத்திக் காட்டினேன்.
“பேசாம டேனையே கட்டிக்கோடி” என்றாள்.

ஜூன் 6
தலைமையாசிரியை போன் செய்தார். “டேன் இன்னொருத்தர் எடுக்கறாரு. நீங்க காஸ் எடுத்துடுங்க.”
சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூன் 8
காஸ் 40 காஸ் 20 மைனஸ் சைன் 40 சைன் 20. சுருக்கினால் காஸ் 60. விடையிலும் அதுவேதான் வந்து உட்கார்ந்திருக்கிறது, சனியன்.
போன பள்ளியில் வருஷக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? இதுவும் போனால் யார் என்னை வகுப்புக்குள் விடுவார்கள்?
“முன்னாடியே சொல்லிடேன், எனக்குத் திக்கும்னு” என்கிறாள் அக்கா. சொல்லி? பாவம்னு பார்ப்பாங்க. வேண்டவே வேண்டாம்.

ஜூன் 10
முடிந்தது. எல்லாவற்றையும் முதலில் பலகையில் எழுதிவிட்டேன். எழுதும்போது திக்காது. பிறகு முதல் உறுப்பைத் தொட்டு “இது கா—” என்று நின்றேன். நின்றேவிட்டேன்.
“காஸ் நாப்பது!” என்று வகுப்பே கத்தியது. கேள்வி கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்!
“சுருக்கினா கா—”
“காஸ் அறுபது!”
“மதிப்பு?”
“அரை!”
வாசலில் தலைமையாசிரியை கையைப் பிடித்துக்கொண்டார். “பாதியில நிறுத்திப் பசங்களையே சொல்ல வைக்கறீங்க பாருங்க, ரொம்ப நல்ல முறை.”
நன்றி என்றேன். அழுகைதான் வந்தது.

ஜூன் 12
வேலை கிடைத்துவிட்டது. பயம் அப்படியே இருக்கிறது. எத்தனை நாளைக்கு ஓட்டுவது?

ஜூன் 16
வேலையில் முதல் நாள். அதே பதினொன்றாம் வகுப்பு. உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். “எனக்குத் திக்கும். நடுவுல நின்னுடுவேன். அன்னிக்கும் அதேதான். இனிமே யாரும் முடிச்சு வைக்காதீங்க, நானே சொல்லுவேன்.”
யாரும் சிரிக்கவில்லை. மேலே பேசினேன். “நான் உங்க க—”
வகுப்பு மொத்தமும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. நேரமாயிற்று.
“கணக்கு டீச்சர்” என்றேன்.