வதினா

பிப்ரவரி 6, வியாழன்

இன்று குழுக் கூட்டம் எங்கள் வீட்டில், முதல் முறையாக. குழு லோன் வாங்கிய ஏழு பேரும் முறை வைத்து வீட்டுக்கு வீடு கூடுகிறோம். காலனியிலிருந்து நான் ஒருத்திதான், தலைவியும் நான்தான். எங்கள் வீட்டு டம்ளரை யார் தொடப்போகிறார்கள் என்று நானே பேப்பர் கப் வாங்கி வைத்தேன். ரோஷக்காரி. யாராவது வேண்டாம் என்பதற்குள் முந்திக்கொள்வேன்.

கிருஷ்ணவேணி கப்பைத் தள்ளிவிட்டாள். கோயில் வாசலில் பூ விற்பவள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். “இன்னாமா இது, கல்யாண சத்திரமா? டம்ளர்ல குடு.” மற்றவர்கள் அவள் குடிப்பதையே பார்த்தார்கள். அப்புறம் அங்கம்மாளும் டம்ளர் கேட்டாள்.

“வரேன் வதினா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் பேச்சில் அண்ணி என்று அர்த்தமாம். அண்ணி! நானா! வீட்டுக்காரர் டேனியலிடம் சொன்னேன். “அப்ப நான் அவங்களுக்கு அண்ணனா?” என்று ஒரே சிரிப்பு.

மார்ச் 20

இப்போது குழுவில் எல்லோருக்கும் நான் வதினா. தலைவி என்கிற பேரு போயே போச்சு.

மே 15

கிருஷ்ணவேணியின் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முற்றி, ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாள். பூக்கடை இல்லை. அவளுடைய டியூவை நாங்கள் ஆறு பேரும் பிரித்துக் கட்டினோம்.

மே 29

மறுபடியும் நாங்களே கட்டினோம். அங்கம்மாள் கேட்டேவிட்டாள்: “இன்னும் எத்தினி வாரம்மா?” ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் யாருக்கும் அடுத்த லோன் கிடையாது. மகள் அபிநயாவின் நர்சிங் சீட்டு அந்த லோனை நம்பித்தான் இருக்கிறது. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அங்கம்மாள் கேட்டது எனக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் 5

வசூலுக்கு வரும் ஆனந்தகுமார் சொன்னான்: “எல்லாரும் அவங்க வீட்டாண்ட போய் உக்காருங்கமா. பணம் வர்ற வரைக்கும் எழுந்துக்காதீங்க. தலைவி, நீங்கதான் பேசணும்.”

போய் உட்கார்ந்தோம். அவள் வீட்டுக்காரர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான்தான் பேசினேன். மகளுடைய சீட்டு என்றேன், எங்களுக்கும் கஷ்டம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கிருஷ்ணவேணி கடைக்குப் போய் வந்தாள். டீ போட்டாள். மற்ற ஐந்து பேருக்கும் டம்ளர். எனக்கு மட்டும் பேப்பர் கப் — அதை வாங்கத்தான் போயிருக்கிறாள்.

“எடுத்துக்கோங்க தலைவிம்மா.”

குடிச்சேன். வேற இன்னா பண்றது? இதுக்காடி அன்னிக்கு டம்ளர் கேட்ட? எரியுது. ஆனா யாரைத் திட்டுறது — போய் உக்காந்தவ நான்தானே.

கிருஷ்ணவேணி மூக்குத்தியைக் கழற்றி, அடகு வைக்கச் சொல்லி அங்கம்மாளிடம் கொடுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 3

லோன் வந்துவிட்டது. அபிநயாவுக்குச் சீட்டும் கிடைத்துவிட்டது. இனிப்பு எடுத்துக்கொண்டு கிருஷ்ணவேணி வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மீதிக் கடனையும் எப்படியோ அடைத்துவிட்டு, வாலாஜாபாத்தில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஜூலை 24

இன்று எங்கள் வீட்டு முறை. எல்லோரும் டம்ளரில்தான் குடித்தார்கள். அவள் இடத்துக்குப் புதிதாக வந்த பட்டம்மாள்கூட ஒரு நொடி யோசிக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் டீ இருக்குதா வதினா?” என்று டம்ளரை நீட்டினாள். அந்தப் பேரை எனக்கு யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியாது.

ஊற்றிக் கொடுத்தேன்.