இத்தாவில் எடுத்த படங்கள்

12.05.2024, ஞாயிறு

வெள்ளைச் சேலையில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன். தலைப்பை இலைக்குக் கீழே விரித்துப் பிடித்தால் வெயில் அதில் பட்டு மேலே தெறிக்கிறது. பூச்சியின் வயிற்றுப் பக்கத்தில் நிழல் விழுவதில்லை. இத்தனை வருசம் படம் எடுத்தும் இது தெரியாமல் போயிற்று. தெரிந்துகொள்வதற்கு என் மனிசன் அப்துல் ஸமட் மௌத்தாக வேண்டியிருந்தது.

இத்தா தொடங்கி ஒரு மாதம் ஆகப்போகிறது. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டு வளவைத் தாண்டி வெளியே போக முடியாது, பிற ஆண்களுக்கு முன்னால் வர முடியாது. அதில் எனக்குக் குறையில்லை. மனிசனைப் பறிகொடுத்தவளுக்குக் கொஞ்சக் காலம் சும்மா இருக்கக் கிடைப்பது நல்லதுதான். சும்மா இருக்க விட்டால்தானே! துக்கம் விசாரிக்க வந்த பெண்களில் ஒருத்தி கெமராவைக் கண்டுவிட்டாள். "என்னகா, ஆம்புளப் பூச்சி கண்ணுல பட்டா இத்தா முறியாதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன்.

இவரும் கேலி செய்கிறவர்தான். "பூச்சியப் பாக்கிற கண்ணால என்னையும் ஒருக்காப் பாரு" என்பார். ஆனால் சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுப்பார். ஒலுவிலுக்கும் வயல்வெளிக்கும் என்னை ஏற்றிக்கொண்டு போய், நான் வரம்பில் குந்தியிருக்கும் வரைக்கும் வெயிலில் நிற்பார். அந்தக் கேலிக்கும் இந்தக் கேலிக்கும் எவ்வளவு தூரம்.

19.05.2024

கிணற்றடி மாதுளையில் ஒரு காயில் துளை. வழக்கமாக இவர் அப்படிப்பட்ட காயைப் பிடுங்கி மதிலுக்கு அப்பால் எறிந்துவிடுவார். இன்றைக்கு எறிய ஆளில்லை. அதனால் பார்த்தேன்.

உள்ளே ஒரு புழு. வாயால் அல்ல, பின்பக்கத்தால் துளையை அடைத்துக்கொண்டு இருக்கிறது. காய் விழுந்துவிடாமல் காம்பைக் கிளையோடு நூலால் கட்டியும் வைத்திருக்கிறது! தான் தின்கிற வீட்டைத் தானே கட்டிக் காப்பாற்றுகிறது. காம்பில் இருந்த நூலை மட்டும் கிட்டப் பிடித்துப் பல படம் எடுத்தேன்.

24.05.2024

புழுவைக் காணவில்லை. காய் அப்படியே தொங்குகிறது. உள்ளே கூடு கட்டியிருக்கும். ஸப்னாவிடம் அந்தக் காயில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஸப்னா என் தம்பி நளீமின் மனைவி. இத்தா முடியும் வரைக்கும் எனக்குத் துணைக்கு வந்து படுக்கிறாள். நல்ல பிள்ளை. வாய்தான் நிற்காது.

04.06.2024, செவ்வாய்

வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், வந்துவிட்டது!

விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், துளைக்குப் பக்கத்தில் ஈரச் சிறகோடு நிற்கிறது. அடிப்பக்கம் சாம்பல். வால் மாதிரி ஒரு சின்ன இழை, அதன் அடியில் செம்மஞ்சளுக்குள் கறுப்புப் பொட்டு. வெயில் ஏறியதும் சிறகை விரித்தது பாருங்கள் — நீலம். ஊதா கலந்த நீலம். சேலைத் தலைப்பை ஒரு கையாலும் கெமராவை மறு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் எடுத்தேன்.

பேஸ்புக்கில் "கிழக்குச் சிறகுகள்" என்று ஒரு குழு. இந்தப் பக்கத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பட்டியல் போடுகிறார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் முதலில் படம் எடுத்தவரின் பெயர் பக்கத்தில் வரும். வருசக்கணக்காக வாசிக்கிறேன், ஒரு படமும் போட்டதில்லை. போடு போடு என்று இவர் நச்சரிப்பார். நான் என் பாட்டில் ஒரு வீம்பு வைத்திருந்தேன்: முதல் படம் வேறு யாரும் போடாததாக இருக்க வேண்டும். இந்த நீலன் அவர்களுடைய பட்டியலில் இல்லை. மூன்று தரம் தேடிவிட்டேன்.

மீன் கொண்டு வந்த நளீமிடம் காட்டினேன். அவனுக்குக் கல்முனையில் போன் திருத்தும் கடை, இதெல்லாம் தெரிந்தவன். முகம் மாறியது. "ராத்தா, இத்தாவில இரிக்கிற பொம்புள பேஸ்புக்குல படம் போட்டா ஊரு என்ன செல்லும்? மச்சான்ட கபுறு மண் இன்னும் காயல்ல எண்டுவாங்க" என்றான். "இத்தா முடியும் மட்டும் என்ட பேர்ல கிடக்கட்டும். பிறகு மாத்துவம்."

நான்தான் சரி என்றேன். என் வாயால்தான் சொன்னேன். ஆம்புளப் பூச்சி என்று சிரித்த முகங்கள் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன.

07.06.2024

குழுவை நடத்துகிற கிருசிகா என்பவர் எழுதியிருக்கிறார்: இந்தக் கரையில் இருந்து எங்களுக்கு இது முதல் தடவை, பட்டியலில் சேர்க்கிறோம், வாழ்த்துகள்.

கீழே: படம் — நளீம், சாய்ந்தமருது.

வாசித்தேன். சந்தோசம்தான். சந்தோசம் மாதிரி ஒன்று.

17.06.2024, ஹஜ்ஜுப் பெருநாள்

வெள்ளைச் சேலையோடு பெருநாள். நளீம் இறைச்சியும் வட்டிலப்பமும் கொண்டு வந்தான். கூடவே ஒரு செய்தியும்: கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அவனை "வண்ணத்துப்பூச்சி நளீம்" என்கிறார்களாம். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். அந்த வெட்கம் எனக்குப் பிடிக்கவில்லை. இனிப்பை வேண்டாம் என்கிறவன் கையை மட்டும் நீட்டுகிற மாதிரி இருந்தது.

புதிதாக எடுத்தவற்றையும் கேட்டான். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அவன் கொண்டு வந்த மீனைத்தானே ஒவ்வொரு நாளும் தின்கிறேன்.

09.07.2024

ஒரு பாடசாலையில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "ராத்தா, கொஞ்சம் செல்லித் தாங்க. புழு எப்பிடிக் காயைக் கட்டுற?" குசினி வாசலில் இருந்து சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனான்.

11.07.2024

பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். ஸப்னா படம் காட்டினாள். "மாதுளை மரத்துக்குக் கீழே மணிக்கணக்கில் காத்திருந்தேன்" என்று பேசினானாம். அவன் கிணற்றடிக்குப் போய் எத்தனை வருசம்!

ஒன்றும் எழுத மனமில்லை.

22.08.2024, வியாழன்

நேற்றோடு இத்தா முடிந்தது. குளித்து, நிறச் சேலை உடுத்து, துஆ ஓதினோம். காலையில் முதல் வேலையாகக் இவரை அடக்கிய கபுறடிக்குப் போகும் பாதை வரைக்கும் நடந்து வந்தேன். கால் கூசியது.

பின்னேரம் நளீமிடம் மெதுவாகத்தான் சொன்னேன். இத்தா முடிஞ்சிது தம்பி, படங்கள்ல பேரை மாத்துவமா?

அவன் கடைப் பூட்டின் திறப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். "இப்ப மாத்தினா என்னப் பொய்யன் எண்டுவாங்க ராத்தா. பொன்னாடையும் போத்துட்டாங்க. ஆரு எடுத்தா என்ன? பூச்சி ஒண்டுதானே."

பூச்சி ஒண்டுதான். கண் ஆருட கண்?

அதை வாயால் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

30.08.2024, வெள்ளி

ஸப்னாவின் வாய் நிற்காது என்று எழுதியிருந்தேன். அது நல்லதற்குத்தான்.

அந்தக் கிருசிகா பாண்டிருப்புப் பிள்ளையாம். இதோ இருக்கிற பாண்டிருப்பு! மாதுளை மரத்தைப் பார்க்க வரட்டுமா என்று நளீமிடம் மூன்று நாலு தரம் கேட்டிருக்கிறது. அவன் சொன்ன பதில்: "ஊட்ட ராத்தா இத்தாவில இரிக்கா, பிற ஆக்கள் வர ஏலா."

பிற ஆக்களா? அது பொம்புளப் பிள்ளை. பொம்புளப் பிள்ளை வந்தா இத்தாவுக்கு என்ன? ஊர்ப் பொம்புளயள் எல்லாம் வந்து குந்தியிருந்து என்னப் பாத்துச் சிரிச்சுப் போகலாம், மரத்தப் பாக்க வாற பிள்ளை மட்டும் வரக்கூடாதா? வந்திருந்தா நான் காட்டியிருப்பன். காம்புல இரிக்கிற நூலைக் காட்டியிருப்பன். ரெண்டு பேரும் கிணத்துக் கட்டுல இருந்து கதைச்சிருப்பம். என்ட இத்தாவை எடுத்து எனக்கே பூட்டுப் போட்டிரிக்கான். அல்லாஹ்வுக்காக நான் இருந்த இருப்பு அது. அவன்ட பேரைக் காப்பாத்த இருந்த இருப்பில்ல.

"நான் செல்லினண்டு அவருக்கிட்டச் செல்லிராதீங்க மதினி" என்றாள் ஸப்னா. சொல்ல மாட்டேன். சொல்லி என்ன வரப்போகிறது.

03.09.2024

பழைய படங்களைத் தேடி எடுத்தேன். நுவரெலியாவுக்கு இவரோடு போனபோது எடுத்த ஒன்று: கறுப்பில் சிவப்புப் பட்டை போட்ட மலை வண்ணத்துப்பூச்சி. அது குளிருக்குப் பிறந்தது. இந்த வெக்கையில் ஒரு பகல் தாங்காது. பூச்சியை அறிந்த யாருக்கும் பார்த்ததும் தெரியும். நளீமுக்குத் தெரியாது.

படத்தின் ஓரத்தில் தெரிந்த மலைப் பாசியை வெட்டி நீக்கினேன். அனுப்பினேன். "நேத்து வளவுல எடுத்த" என்று நளீமுக்கு எழுதினேன்.



05.09.2024

போட்டுவிட்டான். "எங்கள் வளவில் இன்னொரு அதிசயம்!" என்று தலைப்பும் போட்டு.

முதலில் வாழ்த்து. பிறகு ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். பிறகு இன்னொருவர்: "நளீம், சாய்ந்தமருதில் பனி கொட்டுகிறதா?" பிறகு வரிசையாக. எல்லாவற்றையும் வாசித்தேன். இனித்தது. பொய் எழுத மாட்டேன், நன்றாக இனித்தது.

08.09.2024

கிருசிகா மூலப் படத்தைக் கேட்டிருக்கிறார். நளீம் வேர்த்து விறுவிறுத்து வந்தான். "ஒரிஜினல் இரிக்கா ராத்தா? அத அனுப்பினா எல்லார்ட வாயும் அடைபடும்."

எடுத்த திகதி அதற்குள்ளேயே பதிந்திருக்கும். போன் திருத்துகிறவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ராத்தா பொய் சொல்லுவா என்று ஒரு நாளும் நினைத்ததில்லை அவன். கொடுத்தேன். அவன் போகும் வரைக்கும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

10.09.2024, செவ்வாய்

குழுவில் அறிவிப்பு: "படம் போட்டவர் ஒருவர் பொய்யான இடம் தந்தது தெரியவந்துள்ளது. அவர் அனுப்பிய எல்லாப் பதிவுகளையும் பட்டியலில் இருந்து நீக்குகிறோம்."

எல்லாப் பதிவுகளையும்.

குழுவின் விதி அது. எத்தனை வருசமாக அந்தப் பக்கத்தை வாசிக்கிறேன், அந்த விதி என் கண்ணில் படாமலா இருந்தது? கோபத்தில் நளீம் மட்டும்தான் தெரிந்தான். அவன் பெயருக்குக் கீழே இருந்தது முழுக்க என்னுடையது என்பதையே மறந்துபோனேன்.

நீலன் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். இல்லை. அதற்கு மேலே இருந்ததும் கீழே இருந்ததும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை.

என்ன செஞ்சாய் பரீனா?

13.09.2024

நளீம் குழுவில் எழுதியிருக்கிறான். ஸப்னா எழுதிக் கொடுத்திருப்பாள் போல, பிழையில்லாத தமிழ்.

"நான் இதுவரை போட்ட எந்தப் படத்தையும் நான் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்தவர் என் சகோதரி பரீனா. இந்தப் பொய்ப் படத்தைத் தந்தவரும் அவரே. அவரை நம்பியது என் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் கேட்ட எல்லாம் அதில் இருக்கிறது. என் பெயர் இருக்கிறது. எல்லாப் படமும் நான் எடுத்தது என்று இருக்கிறது. கெஞ்சியபோது கிடைக்காதது தானாக வந்திருக்கிறது.

மீன் வரவில்லை. முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

21.09.2024

கிருசிகாவுக்குத் தனியாக எழுதினேன். காய், துளை, காம்பு நூல், ஈரச் சிறகு, நீலம் — எல்லா மூலப் படங்களையும் திகதியோடு அனுப்பினேன். ஒன்றும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன்.

பின்னேரமே குரல்பதிவு வந்தது. சின்னப் பிள்ளையின் குரல், மரியாதையான குரல். "அக்கா, அந்த நீலன் மெய் எண்டு நான் நம்புறன். ஓம், மெய்யா நம்புறன். ஆனா பட்டியல்ல திருப்பிப் போட ஏலாதக்கா. போட்டா மற்ற ஆக்கள் என்னைக் கேப்பாங்க." பிறகு இன்னொன்று: "நீங்கதான் எடுக்கிறீங்க எண்டு தெரிஞ்சிருந்தா நான் அண்டைக்கே ஸ்கூட்டியில வந்திருப்பன்."

இப்போது வரட்டுமா என்று கேட்கவில்லை. நானும் வாருங்கள் என்று சொல்லவில்லை.

17.10.2024, வியாழன்

மழை தொடங்கிவிட்டது. இப்போதெல்லாம் மீன் வாங்க நானே கல்முனைச் சந்தைக்குப் போகிறேன். நளீமின் கடைக்கு முன்னால்தான் பஸ் நிற்கும். அவன் குனிந்து வேலை பார்ப்பான். நான் கடந்து போவேன்.

இன்று மரக்கறி வாங்கும்போது ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் முடித்துக் கொஞ்ச நாளாகியிருக்கும், கையில் மருதோன்றி இன்னும் சிவப்பாக இருந்தது. கிட்ட வந்து, "ராத்தா, பேஸ்புக்குல கதைச்சாங்களே, அந்தப் படம் எடுத்தது நீங்கதானா?" என்றாள்.

எந்தப் படம் என்று கேட்கவில்லை. அவள் கேட்பது நீலனை அல்ல, அந்த மலைப் பூச்சியை என்று தெரியும்.

"ஓம்" என்றேன். "நான்தான் எடுத்த."

அவள் பக்கத்தில் நின்ற மாமியிடம் திரும்பி மெதுவாக என்னவோ சொன்னாள். நான் வெண்டிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.