ரூவியில் நான் எடுத்த படம்

அண்ணா,

நேற்று காலை அலுவலகத்தில் பழைய ஹார்டு டிஸ்க்குகளைக் காலிசெய்துகொண்டிருந்தேன். புது சீசனுக்கு இடம் வேண்டும், பழையதெல்லாம் போகட்டும் என்று சொல்லியிருந்தார்கள். திறந்து பார்க்காமல் எதையும் அழிக்க எனக்கு மனம் வராது. உங்களுக்குத்தான் தெரியுமே, வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். ஒரு கோப்பைத் தட்டியதும் ஸ்பீக்கரில் உங்கள் குரல் வந்தது. "வலை! வலை! டேய், வலையடா!" பக்கத்து மேசையில் இருந்த பிலிப்பினோப் பெண் திடுக்கிட்டுத் திரும்பி, யார் இப்படிக் கத்துவது என்று கேட்டாள். எங்கள் பழைய கோச் என்றேன். இப்போது இல்லை என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஒரு கோப்பை மட்டும் அழிக்காமல் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் விளையாட்டுக்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்பதுதான் நான் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி. கோவில்பட்டியில் கல்யாண வீடியோ வெட்டிப் பழகி, துபாய் வந்து கிரிக்கெட் வீடியோ வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு அமெரிக்கக் கால்பந்து எங்கே தெரியும்? வளைகுடா நகரங்களுக்குள் நடக்கும் அந்தச் சின்னத் தொழில்முறைப் போட்டிக்கு வீடியோ பார்க்க ஆள் தேவைப்பட்டது, வந்து சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, டொராண்டோவில் வளர்ந்து, அங்கே கல்லூரி அணியில் ஆடிய நீங்கள் தடுப்பாட்டத்துக்குக் கோச்சாக வந்திருந்தீர்கள். அந்த அணியில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இருவர்தான். இரண்டே வயது மூத்தவர் என்றாலும் முதல் நாளே அண்ணா என்று கூப்பிட்டுவிட்டேன்.

"நாலு தரத்துக்குள்ள மற்ற அணிக்காரர் பத்து கஜம் முன்னுக்குப் போக வேணும். போக விடாமல் மறிக்கிறது எங்கட வேலை. அவ்வளவுதான் விமலா" என்றீர்கள். பிறகு சிரித்துக்கொண்டே, "மறிக்கிறதுக்கு ரெண்டு வழி. ஆளைப் பிடிக்கிறதோ, இடத்தைப் பிடிக்கிறதோ. இதிலதான் உலகம் முழுக்கச் சண்டை" என்றீர்கள்.

நம் அணியிலும் அந்தச் சண்டை நடந்தது. முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருந்தோம். அமெரிக்கரான தலைமைக் கோச்சுக்கு ஆளுக்கு ஆள் நிழல்போல ஒட்டி ஓடுவதுதான் பிடிக்கும். ஆனால் நம்மிடம் இருந்த வேகமான இரண்டு பேரும் காயம்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய கூட்டத்தில் நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. நான் வெட்டிக் கொடுத்த வீடியோவை ஓடவிட்டு, நம் ஆட்கள் பின்தங்கும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினீர்கள். துரத்தச் சொன்னால் தோற்போம், ஆளுக்கு ஓர் இடத்தைக் கொடுத்து அதைக் காக்கச் சொல்வோம் என்றீர்கள். கடைசி இடத்தில் முடித்தால் அணியைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அணி போனால் எல்லோருடைய விசாவும் போகும். என் மகன் அப்போது ஷார்ஜாவில் பத்தாம் வகுப்பு. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று இருந்தது. தலைமைக் கோச் தாடியைத் தடவிவிட்டு, சரி என்றார்.

மைதானத்தில் கத்திச் சொல்ல இரண்டு தமிழ்ச் சொற்களை வைத்தீர்கள். இடத்தைக் காப்பது என்றால் 'வலை'. ஆளோடு ஒட்டுவது என்றால் 'நிழல்'. எதிரணிக்குப் புரியாது என்பது உங்கள் கணக்கு. ஆறடி நாலங்குல ஆட்கள் "வலே, வலே" என்று திருப்பிச் சொல்லிப் பழகிய அந்தக் காலைகளில் நான் கேமராவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறேன்.

வலை வேலை செய்தது. ஒன்றில் வென்றோம், அடுத்ததில் நூலிழையில் தோற்றோம். அதற்கடுத்த ஆட்டத்தில் ஏதோ மாறியது. நீங்கள் 'வலை' என்று கத்திய மறுகணம் எதிரணிக் கோச் கையை ஆட்டினார். அவர்கள் பந்தை, நம் இரண்டு காவல்காரர்களுக்கு நடுவில் விட்டிருந்த வெற்றிடத்தில் சரியாகப் போட்டார்கள். 'நிழல்' என்றால் வேகமானவனை நம் மெதுவான ஆளுக்கு எதிரே அனுப்பினார்கள். திட்டமே தப்பு என்றார் தலைமைக் கோச். நான் வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். திட்டம் தப்பில்லை. சொல் தெரிந்துவிட்டது.

அங்கேதான் என் சந்தேகம் கிளம்பியது. சொற்கள் தமிழ். தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் சொல்லவில்லை. அப்படியானால்?

அன்றிலிருந்து உங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். போன் வந்தால் ஏன் வெளியே போய்ப் பேசுகிறீர்கள்? நான் வந்ததும் ஏன் லேப்டாப்பை மூடுகிறீர்கள்? பயிற்சி முடிந்ததும் படியில் உட்கார்ந்து நெடுநேரம் என்ன யோசிக்கிறீர்கள்? நீங்கள் நீட்டிய தேநீரைக்கூட, இவ்வளவு அன்பு எதற்கு என்று நினைத்துக்கொண்டுதான் குடித்தேன்.

மஸ்கட் ஆட்டத்துக்கு முதல் நாள், தலைவலி, அறையில் படுக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். நான் மெமரி கார்டு வாங்க மஸ்கட்டின் ரூவிப் பகுதிக்குப் போனேன். கடைத்தெருவில் ஒரு சின்ன உணவகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே மஸ்கட் அணியின் உதவிக் கோச். அவர் காகிதத்தில் வட்டமும் அம்புக்குறியும் வரைந்து காட்ட, நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். போனை எடுத்துப் படம் பிடித்தேன். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

மறுநாள் தோற்றோம். துபாய் திரும்பியதும் மேலாளர் ஜோசப்பன் சாரிடம் படத்தைக் காட்டினேன். திருச்சூர்க்காரர், நிதானமானவர். போனை மேசைமேல் வைத்துவிட்டு, "விமலா, உறப்பாணோ? நிச்சயம்தானே? ஒரு மனுஷன்றெ வேலையாக்கும்" என்றார்.

"படம் இருக்குல்லா சார்" என்றேன்.

உங்களைக் கூப்பிட்டார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் கோபம் இருக்கும் என்று தயாராக வந்திருந்தேன், அது இல்லை.

"அவரோட கதைச்சனான். அது உண்மை" என்றீர்கள். "என்ன கதைச்சனான் எண்டு சொல்லேலாது. ஆட்டத்தைப் பற்றி இல்லை. நம்பினால் நம்புங்கோ."

யார் நம்புவார்கள்? வீட்டில் இருங்கள், விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். நீங்கள் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள். அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது தோஹா ஆட்டம். நீங்கள் இல்லை. தலைமைக் கோச்சே அந்த இரண்டு சொற்களையும் கத்தினார். தோஹா அணியும் எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்ததுபோல ஆடியது. நீங்கள் முன்பே எல்லா அணிக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போயிருப்பீர்கள் என்றது என் மனம். சந்தேகத்துக்கு எப்போதும் ஒரு பதில் கையில் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து, எதிரணிகள் நம் ஆட்டத்தை எந்தக் கோணத்தில் பார்க்கின்றன என்று தெரிந்துகொள்ள, எல்லா அணிகளுக்கும் பொதுவான இணையச் சேமிப்பிலிருந்து நம் வீடியோவையே இறக்கினேன். ஆட்டம் முடிந்த மறுநாளுக்குள் ஒவ்வொரு அணியும் தன் வீடியோவை அதில் ஏற்ற வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் சத்தத்தை நீக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஹெட்போனை மாட்டினேன். உங்கள் குரல் கேட்டது. "வலை! வலை!" ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு தடவையும், தெளிவாக.

சீசன் நடுவில் எனக்குப் புதுக் கேமரா கொடுத்திருந்தார்கள். பழையதில் சத்தம் தானாகவே நின்றுவிடும். புதியதில் நாம்தான் நிறுத்த வேண்டும். அதை நான் பார்க்கவில்லை. நம் பெஞ்சுக்கு நேர் பின்னால் கேமராவை நிறுத்தி, உங்கள் குரலைப் பதிந்து, வாரா வாரம் நானே எல்லா அணிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். தமிழ் தெரிய வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. எந்தச் சத்தத்துக்குப் பிறகு நாம் எப்படி நிற்கிறோம் என்று பார்த்தால் போதும்.

ஜோசப்பன் சாரிடம் போகுமுன் கராமாவில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். இடுப்பில் கட்டிய சாரத்தோடு கதவைத் திறந்தீர்கள். வாசலிலேயே நின்று சொன்னேன், அழுகை முந்திக்கொண்டது.

"அப்ப என்ர குரலாலதான் தோத்திருக்கிறம்" என்றீர்கள்.

"மன்னிச்சிருங்கண்ணா. உங்களப் போயி..."

"அதைப் பிறகு பாப்பம். முதல்ல சொல்லுங்கோ, நாங்கள் கண்டுபிடிச்சிட்டம் எண்டு மற்ற அணியளுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப அது காணும், அது போதும். உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்."

தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்து, "உங்கட கண் நல்ல கண் விமலா. ஆனா உங்கட பக்கம் மட்டும் அது திரும்பிறேல்லை" என்றீர்கள். அவ்வளவுதான் நீங்கள் என்னைத் திட்டியது.

ஜோசப்பன் சாரிடம் நானே சொன்னேன். மகனுடைய பரீட்சை முடியும்வரையாவது வேலை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆ ஆளெ விளி. இனி அவர் பறயட்டும்" என்றார். இனி நீங்கள் சொல்லட்டும் என்று உங்களைக் கூப்பிடச் சொன்னார்.

கடைசி ஆட்டம் சவுதியின் அல் கோபாரில். தோற்றால் கடைசி இடம். தலைமைக் கோச், இடம் காக்கும் திட்டத்தை விட்டுவிட்டுப் பழையபடி ஆளோடு ஒட்டலாம் என்றார். நீங்கள் மறுத்தீர்கள். "திட்டம் பிழையில்லை. ரெண்டும் வைச்சிருப்பம். சொல்லை மட்டும் மாத்துவம்." 'வலை' என்றால் இனி ஆளோடு ஒட்டுவது, 'நிழல்' என்றால் இடத்தைக் காப்பது. காயம்பட்ட இருவரில் ஒருவன் குணமாகித் திரும்பியிருந்தான். சொற்களின் புதிய பொருளைத் தவறாமல் பழக மூன்று காலைகள் பிடித்தன. அந்த மூன்று நாளும் பயிற்சி வீடியோவை நான் யாரிடமும் விடவில்லை, தூங்கும்போதும் மெமரி கார்டு என் கைப்பையில்தான்.

அன்று நீங்கள் தொண்டை கிழியக் கத்தினீர்கள். "வலை! வலையடா!" எதிரணிப் பெஞ்சில் ஒருவர் கையை ஆட்டினார். பந்து அந்த வெற்றிடத்தை நோக்கிப் பறந்தது. அங்கே வெற்றிடம் இல்லை. அவர்கள் ஆளோடு ஒட்டி ஓடிவந்த நம் பையன் முன்னால் பாய்ந்து பந்தைப் பறித்தான். அவர்கள் சுதாரிப்பதற்குள் இன்னொரு தடவை. வென்றோம். எல்லோரும் மைதானத்துக்குள் ஓடியபோது நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். கேமராவில் பார்த்தேன். சந்தோஷத்தில் செய்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அணி பிழைத்தது. சீசன் முடிந்ததும் நீங்களே விலகி டொராண்டோவுக்குப் போனீர்கள். விமான நிலையத்தில் கையசைத்தபோதும் என் மனதின் ஒரு மூலை, ரூவியில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சத்தம் என் தவறு, சரி. அந்தக் காகிதம்? கேட்க முகம் இல்லை, நம்பவும் முடியவில்லை.

எட்டு மாதம் கழித்து உங்கள் மனைவி போனில் அழைத்தார். நீங்கள் போய்விட்டீர்கள், மாரடைப்பு என்றார். "உங்களைப் பற்றி நிறையச் சொல்லுவார். அங்க இருக்கேக்கையே நெஞ்சு நோ இருந்தது தங்கச்சி. மெடிக்கல் செக்கப்பில தெரிஞ்சால் வேலை போயிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மஸ்கட்டில ஒரு பழைய கூட்டாளி, தனக்கும் அதே வருத்தம் வந்தது எண்டு, டொக்டர் சொன்னதை வரைஞ்சு காட்டினவராம்."

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். ஒரு இதயம். அதிலிருந்து மூன்று குழாய்கள். அடைப்பு இருக்கும் இடங்களில் வட்டமும் அம்புக்குறியும். ஆட்டக்காரர்கள் நிற்கும் இடங்கள் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த வட்டங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழியிலிருந்து தப்பித்திருப்பீர்கள், ஆனால் நெஞ்சு நோவுக்காக வேலை போயிருக்கும். அந்த மேசைக்கு முன்னால் இரண்டையும் எண்ணிப் பார்த்துத்தான் பேசாமல் நின்றிருக்கிறீர்கள். வீட்டில் உட்காரவைத்த அந்த நாட்கள் உங்கள் நெஞ்சுக்கு என்ன செய்தன என்பதை நான் யாரிடம் கேட்பது?

நான் திருந்திவிட்டேன் என்று எழுத மாட்டேன், நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். சந்தேகம் அப்படியே இருக்கிறது. போன மாதம் நம் காயம்பட்டவர்கள் பட்டியல் வெளியே போய்விட்டது. புது மேலாளருக்குப் பிசியோதெரபிஸ்ட் மேல் சந்தேகம், இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெண். அவள் எதிரணி டாக்டரின் வண்டியில் ஏறியதைப் பார்த்திருக்கிறார்கள். வண்டி நிறுத்துமிட வீடியோவை வெட்டிக் கொடு என்றார். எனக்கும் அவள்மேல்தான் சந்தேகம். இருந்தும், ஒரு நாள் கொடுங்கள் என்றேன்.

அவள் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். "அந்த வண்டில ஏன் போன?" என்று நேராகவே கேட்டேன். அவள் முகம் சிவந்தது. "எங்க தங்கச்சி அந்த டாக்டர் வீட்டுலதான் வேலை செய்யுதுக்கா. காய்ச்சல்னு பாக்கப் போனேன். லீவு கேட்டா குடுக்க மாட்டாங்கனு சொல்லல" என்றாள்.

அது முழு உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது, அண்ணா. அவள் சொன்னதை எழுதி, நான் கேட்டேன் என்பதையும் எழுதி, வீடியோவோடு சேர்த்து மேலாளரிடம் கொடுத்தேன். என் எதிரில் அவளைக் கூப்பிட்டு அவரும் கேட்டார். அவள் இப்போதும் வேலையில்தான் இருக்கிறாள். காலையில் வரும்போது என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறது. நான் கதவைத் தட்டினேன்.

விமலா