இடது கைச் சோறு

என் மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை எந்தப் பக்கத்திலிருந்து நீட்டுவது என்று தெரியவில்லை. நேராக நீட்டினால் உங்கள் இடது தோள் மேலே வந்துவிடும். போன இடத்திலும் அந்தப் பழக்கம் உங்களை விட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கயல் தேர்வாகிவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் நம் மகள் ஜெயித்துவிட்டாள். அடுத்த மாதம் மாநில அணிக்கான பயிற்சி முகாமுக்குப் போகிறாள். இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நீங்கள் இல்லை. இருக்கிற எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி வருஷங்களில் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்லித்தானே உங்களோடு வாழ்ந்தேன். உங்கள் பெயரை, என் பெயரை, இது கடலூர், இது மஞ்சக்குப்பம், இது நம் வீடு என்பதை. கேட்க ஆளில்லாமல் போன பிறகும் அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை.

கல்யாணமான புதிதில், ரிங்கில் எப்படி நிற்பீர்கள் என்று பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று எனக்குக் காட்டினீர்கள். இடது கால் முன்னே. இடது கை வயிற்றுக்குக் குறுக்கே, குளிரில் போர்வையை இழுத்துப் பிடிப்பதுபோல. இடது தோள் தாடை வரை உயர்ந்து முகத்தை மறைத்தது. வலது உள்ளங்கை கன்னத்தோரம் காவலுக்கு நின்றது.

"எல்லாரும் கைய வச்சி மூஞ்சக் காப்பாத்துவாங்க. நான் தோள வச்சிக் காப்பாத்துவேன். அடி வந்தா இதுல பட்டு வழுக்கிட்டுப் போவும். இடுப்ப மட்டும் லேசா திருப்பணும். நீ வேணா அடி, பாக்கலாம்."

நான் மாவு பிசைந்த கையோடு ஓங்கினேன். என் கை உங்கள் தோளில் வழுக்கி, நான் போய் பீரோவில் மோதிக்கொண்டேன்.

"மேல்பட்டாம்பாக்கத்துக்காரங்களுக்கு வாய்தான் நீளம். கை எட்டாது" என்று என் ஊரை இழுத்தீர்கள்.

"கீரப்பாளையத்துக்காரங்களுக்கு ஒளிஞ்சிக்கத்தான் தெரியும்" என்று உங்கள் ஊரை இழுத்தேன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

உங்கள் முகத்தில் ஒரு கீறல் கிடையாது. என் அம்மாவுக்கு அதிலேயே சந்தேகம். "குத்துச்சண்ட போடுறேன்னு ஊர ஏமாத்துறானாடி இவன்?" என்பாள். போட்டிகளை விட்ட பிறகும் சாயங்காலமானால் ஸ்டேடியத்துக்குப் போய் இளவட்டங்களோடு பயிற்சிச் சண்டை போட்டுவிட்டு வருவீர்கள். சட்டையைக் கழற்றும்போது ஒரே வாக்கியம்தான் சொல்வீர்கள்: "தலதான் லேசா கனமா இருக்கு. தூங்கினா சரியாயிடும்." தூங்கினால் சரியாகவும் ஆயிற்று, எவ்வளவோ வருஷம்.

மறதி தொடங்கி உங்களை அழைத்துப் போனபோது, பாண்டிச்சேரி டாக்டர் மூளை ஸ்கேன் படத்தை விளக்கொளியில் பிடித்துக்கொண்டு சொன்னார். உங்களைக் கீழே தள்ளிய குத்துகளை மட்டும் தேடாதீர்கள் என்றார். தோளில் வழுக்கி மேலேறி நெற்றிப்பொட்டை உரசிப் போனவையும் சேர்ந்துதான் இப்படி ஆக்கியிருக்கின்றன. நடுவர் புள்ளி போடாதவை. தப்பித்துவிட்டதாக நீங்கள் நினைத்தவை. ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிற எனக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

பிறகு ஒவ்வொன்றாகப் போயின. வீட்டுக்கு வரும் வழி. என் பெயர். கயலின் பெயர். சோறு எது என்பது. தோள் மட்டும் போகவில்லை. ரசம் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுவந்தால் இடது தோள் சட்டென்று எழும்பும். தாடை அதற்குள் ஒளிந்துகொள்ளும். இடுப்பு திரும்பும். சோறு என் கையிலிருந்து சரிந்து உங்கள் சட்டையில் விழும். பசிக்கிறது என்று சொல்லத் தெரியாத நீங்கள், சோற்றிடமிருந்து தப்பித்துக்கொண்டே இருந்தீர்கள்.

கெஞ்சிப் பார்த்தேன். அதட்டிப் பார்த்தேன். ஒரு மத்தியானம் எதுவும் செய்யாமல் எதிரில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் மதில் மாதிரி இருந்தது. வலது பக்கத்தில், கன்னத்தைக் காக்க வேண்டிய உள்ளங்கை நடுக்கத்தோடு மடியிலேயே கிடந்தது. ரிங்கில் உங்களுக்கு ஆகாதவர்கள் எல்லாம் இடது கைக்காரர்கள் என்று நீங்களே சொன்னது நினைவுக்கு வந்தது. சோற்றை இடது கைக்கு மாற்றினேன். வாய் திறந்து வாங்கிக்கொண்டீர்கள்.

அத்தை பார்த்துவிட்டு, "பீச்சாங்கையால யாருடி சோறு ஊட்டுவாங்க? நாய்க்குக்கூட சோத்துக் கையாலதான்டி வப்பாங்க. எம்புள்ள கேக்கமாட்டான்னா இப்புடிப் பண்ற?" என்று கத்தினார்.

"அப்ப நீங்களே ஊட்டுங்க அத்த."

ஊட்டினார். பெற்றவளுக்கும் அதே தோள்தான் எழுந்தது. அத்தை தரையில் சிந்தியதை வழித்து எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் நான் உட்கார்ந்ததும், அவரே வந்து கிண்ணத்தை எனக்கு இடது பக்கமாக நகர்த்தி வைத்தார்.

கயல் அப்போது பள்ளிப் படிப்பை முடிக்கிற வயசில் இருந்தாள். சாயங்காலம் உங்கள் எதிரில் குந்தி, மெதுவாக ஒரு கையை நீட்டுவாள். தோள் எழும்பும். அவள் கை வழுக்கும். அப்போது மட்டும் நீங்கள் சிரிப்பீர்கள். அவள் யார் என்று தெரியாது, வந்த அடியைத் தெரியும். அடுப்படியில் இருக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கும். அதைக் கேட்பதற்காகவே, "போடி, அப்பாகிட்ட கொஞ்சம் வெளயாடு" என்று நானே அனுப்பியிருக்கிறேன்.

அவள் விளையாடவில்லை மாமா. கற்றுக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் சளி நெஞ்சில் இறங்கி நீங்கள் போய்விட்டீர்கள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, நம்பவும் முடியவில்லை. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். சோத்துக் கையால், நேராக, உங்கள் முகத்துக்குக் கொண்டுவந்தேன். தோள் எழும்பவில்லை. அப்போதுதான் அழுதேன்.

கயல் சிதம்பரத்தில் கல்லூரி சேர்ந்து, குத்துச்சண்டைக் குழுவில் பெயர் கொடுத்ததை வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

"வேணாம் கயலு."

"தலைக்கு ஹெட்கார்டு போட்டுத்தானம்மா ஆடுறோம்."

"அது தோலு கிழியாமக் காப்பாத்தும். உள்ள குலுங்குறத எது காப்பாத்தும்? டாக்டர் சொன்னப்ப நீயுந்தான பக்கத்துல இருந்த?"

"இருந்தேன்."

"அப்புறம் என்னாடி?"

"அப்பா கடைசியா எங்கிட்டப் பேசுனது அதுலதாம்மா. அதயும் உட்டுட்டா அவுருகிட்ட இருந்து எனக்குன்னு என்னா இருக்கு, சொல்லு."

இதற்கான பதில் உங்களிடம் இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை நான் போனது போட்டி பார்க்க இல்லை. கோச்சைப் பார்த்துக் கெஞ்சுவதற்கு. கோச் வேறு யாருமில்லை, செல்வம் அண்ணன்தான். கல்லூரி நாளிலிருந்து உங்களோடு கிளவுஸ் மாட்டியவர். வாசலில் டீயோடு நின்றிருந்தார்.

"வா தங்கச்சி! இன்னிக்கி உன் வூட்டுக்காரனையே ரிங்ல பாக்கப்போற."

"அதப் பாக்கத்தாண்ணே பயமா இருக்கு. அவ பேர எடுத்துடுங்க. ஒடம்பு சரியில்லன்னு எதனா சொல்லிடுங்க."

"நான் எடுத்தா வேற கோச்சுகிட்டப் போவா. தோள ரொம்ப நம்பாத, கைய மேல வைய்யின்னு நான் திட்டுற மாதிரி அங்க எவனும் திட்டமாட்டான்."

"அவருக்கும் சொன்னீங்களா?"

"சொன்னேன். அவன் எங்க கேட்டான்? என்னவுட அவனுக்குத் திமிரு ஜாஸ்தி."

"ஒருநாள் வந்து பாத்திருக்கலாமேண்ணே. தோளத் தூக்கிக் காட்டியிருப்பாரு."

அவர் சிரிக்கவில்லை. "எப்புடிம்மா வருவேன்? தெனமும் அவன அடிச்ச கையி இது."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் டீ தளும்பிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த உங்கள் கை நினைவுக்கு வந்தது; கெஞ்ச வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தேன்.

எதிராளி நெட்டையான பெண். கயல் இடது காலை முன்வைத்து, கையைக் குறுக்கே போட்டு, தோளை உயர்த்தினாள். அப்படியே நீங்கள்தான். அந்தப் பெண் வலது கையை வீசுவாள், கயல் இடுப்பைத் திருப்புவாள், அடி வழுக்கும், உடனே கயலின் வலது கை போய்ப் படும். ஜனம் விசில் அடித்தது. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். நான் தோளில் வழுக்கிய குத்துகள் எங்கே போகின்றன என்று பார்த்தேன். நெற்றிப்பொட்டுக்குப் போயின. எண்ண ஆரம்பித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன்.

நடுவர் அவள் கையை உயர்த்தியபோது அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். வேறென்ன செய்வது?

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் கேசரி சொன்னேன். ஜெயித்த பிள்ளைக்கு ஒரு வாய் இனிப்பு ஊட்டலாம் என்று கையை நீட்டினேன். அவள் போனில் தோழிக்கு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், என்னைக் கவனிக்கவில்லை. இடது தோள் எழும்பியது. கேசரி அவள் சட்டையில் வழுக்கி விழுந்தது.

"அய்யோ அம்மா! பாத்தியா? அப்பா மாதிரியே இல்ல?"

அவளுக்கு அவ்வளவு பெருமை. நானும் சிரித்தேன். அடுத்த வாயை இடது கையில் எடுத்து அவளுடைய வலது பக்கமாகக் கொண்டுபோனேன். எதிர் மேசைக்காரர் முகம் சுளித்தார். கயல் வாங்கிக்கொண்டாள். மென்றுகொண்டே சொன்னாள்: "தலதாம்மா லேசா கனமா இருக்கு. தூங்கினா சரியாயிடும்."

பஸ்ஸில் தூங்கினாள். அவள் தலை நழுவாதபடி கடலூர் வரைக்கும் என் தோளைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தேன். என் தோளால் ஆகக்கூடியது அவ்வளவுதான் போலிருக்கிறது.

நான் இனி அவளைத் தடுக்கப்போவதில்லை மாமா. தடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை இல்லை. நீங்கள் சுயநினைவோடு இருந்திருந்தால் தடுத்திருப்பீர்களா, கைதட்டியிருப்பீர்களா? எத்தனை முறை யோசித்தாலும் உங்கள் முகம் தெரியவில்லை. தோள்தான் தெரிகிறது.

அவள் இல்லாத வேளைகளில் நான் இப்போது இடது கையால் சாப்பிடுகிறேன். உங்களுக்குப் பிறகு அந்தக் கை பழக்கம் விட்டுப் போயிருந்தது, பருக்கை சிந்துகிறது. அத்தை பார்க்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. நேற்று, தட்டை எனக்கு இடது பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

என் இடது கை அவளுக்கும் தேவைப்படக் கூடாது என்று வேண்டிக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை நம்பலாம். அந்த நாள் வந்தால், நம் பிள்ளை பசியோடு இருக்க மாட்டாள். இந்தக் கையைத் தயாராக வைத்திருப்பேன்.

உங்கள் மாமன் மகள்,
கயலுக்கு அம்மா,
மங்கை