தட்டிவிட்டுக் கொஞ்சம் நில்

இன்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் பால் தீய்ந்த வாடை. அடுப்பில் ஒன்றும் இல்லை. என் வீட்டில் பால் வாங்குவதே இல்லை என்பது உனக்குத் தெரியும், எனக்கு எப்போதும் வெறும் தேநீர்தான். சன்னல்களைத் திறந்தேன், மின்விசிறியைச் சுழலவிட்டேன். வாடை சமையலறையை விட்டு நகரவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறவள் என் வாழ்க்கையில் ஒருத்திதான் இருந்தாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று கேட்டு என் வாயைக் கிளறாதே.

லாபிஸ் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். உன் அம்மா பால்வெட்டு முடிந்து வந்து, ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவார். "தட்டாம நொழைஞ்சா நாமதான் திருடங்க. தட்டிட்டுக் கொஞ்சம் நில்லு, உள்ள இருக்கறது ஒதுங்கிக்கட்டும்" என்பார். ஹோட்டல் அறைக்குள் போகும்போது நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாருமே செய்கிற காரியம்தான். ஆனால் சொந்த வீட்டுக் கதவை அன்றாடம் தட்டியவர்கள் உன் அம்மாவும் நீயும் மட்டுமே. நான் உன்னைத் தேடி வந்து தட்டினால் "வரேன் லா" என்று நம் ஊர் இழுப்போடு உன் குரல் மட்டும் வரும். ஆள் வர யுகமாகும். அதற்குள் உள்ளே பால் தீய்ந்திருக்கும்.

ஜொகூர் பாரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த உன்னை நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள். நீ அங்கேயே தங்கிவிட்டாய். பல வருடம் கழித்து ஒரு நாள் கூப்பிட்டு, வீடு வாங்கப்போகிறேன் என்றாய். நகரத்தில் அல்ல, ஒரு கிராமத்தில். கடைகூட ஒன்றுதான் என்றாய்.

"அலமாக்! வேற எடமே கெடைக்கலையா ஒனக்கு?" என்றேன்.

"பொறந்ததுல இருந்து தோட்டத்து வீடு, கம்பெனி வீடு, வாடகை வீடு. எனக்குன்னு ஒரு கதவு வேணும் லா. நீ வந்து பாத்துட்டுச் சொல்லு."

வந்தேன். உன் கிராமத்தை முதலில் பார்த்தபோது திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியது என்பதை இப்போது சொல்கிறேன். தட்டையான பச்சை வயல், நேர் கோடாக ஓடும் வாய்க்கால், செங்கல் வீடுகள். எந்த வீட்டிலும் திரைச்சீலை இல்லை. தெருவில் நடந்தால் மேசை, விளக்கு, பூச்சாடி எல்லாம் தெரிகிறது, மனிதர்களை மட்டும் காணோம். நம் தாமான் குடியிருப்பில் இந்நேரம் மோட்டார் சைக்கிள் சத்தம், குக்கர் சத்தம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சேர்ந்து காதைக் கிழிக்கும். அங்கே என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

வீட்டுத் தரகர் நெட்டையான இளைஞர். முன்பு அந்த வீட்டில் ஒரு கிழவி தனியாக வாழ்ந்ததாகவும், சன்னலோரத்து நாற்காலியிலேயே இறந்துபோனதாகவும் சொன்னார். கூரையை இப்போதுதான் மாற்றினார்கள் என்பதைச் சொன்ன அதே குரலில் சொன்னார். நான் உன் கையைக் கிள்ளினேன்.

"வேணாம் லா."

"யாரும் சாகாத வீடு இந்த ஊர்ல எங்க இருக்கு? எல்லாம் நூறு வருசத்து வீடு" என்று சிரித்தாய்.

அங்கே வழக்கம் வேறு. பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகும் முன் வாங்குகிறவர் கடைசியாக ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். தரகர் சாவியை நுழைத்தார், அது திரும்பவில்லை. மீண்டும் முயன்றார். நீ அவரை விலகச் சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினாய். "உள்ளே யாரும் இல்லையே" என்றார் அவர். "தெரியும்" என்றாய். பிறகு கதவைப் பார்த்துத் தமிழில், "வரலாமா?" என்று கேட்டுவிட்டு நின்றாய். அப்புறம் சாவி வெண்ணெயில் கத்தி போல வழுக்கித் திரும்பியது. தரகர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பால் காய்ச்சிய அன்றைக்கு மட்டும் மனம்விட்டுச் சிரித்தேன். நம் ஊரில் புது வீட்டுக்குப் பசு கிடைக்காமல் எத்தனை பேர் அலைகிறார்கள். உனக்கு வாய்க்காலுக்கு அப்பால் ஒரு மந்தையே நின்று நம்மை வேடிக்கை பார்த்தது. கண்ணாடி மின்னடுப்பில் பாலை வைத்துவிட்டு நீ மாடு பார்க்கப் போய்விட்டாய். பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, அடுப்பு கீச்சிட்டுத் தானாக அணைந்தது. அடியில் மிஞ்சிய பாலில் கொஞ்சம் கோப்பையில் ஊற்றி அந்த நாற்காலி இருந்த இடத்தில் வைத்தாய். "அவங்களுக்கு" என்றாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் திரையில் உன்னைப் பார்த்தேன். கடைக்குப் போய் வரும்போதே கூப்பிடுவாய். வாசலில் வந்து தட்டுவாய், நிற்பாய், நான் பேசிக்கொண்டே இருப்பேன். ஒரு முறை உன் ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் பை. சாவியை நீ எடுக்கவே இல்லை. கதவு திறந்தது.

"பூட்டாமப் போனியா?"

"பூட்டித்தான் போனேன்."

"அப்புறம் ஏன் லா அவ்ளோ நேரம் நின்ன?"

"வயசானவங்க. சட்டுனு எழுந்து வர முடியாதில்ல?" என்றாய், ஏதோ மாமியாரைப் பற்றிப் பேசுவது போல.

என்னைச் சீண்டுகிறாய் என்று நினைத்தேன். திட்டினேன். தனியாக இருந்து இருந்து உனக்கு மரை கழன்றுவிட்டது, ஊருக்கு வந்துவிடு என்றேன். நீ அடுப்பைப் பார்க்க ஓடினாய்.

ஒரு குளிர்காலக் காலையில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. மூவாரிலிருந்து உன் அண்ணனும் இங்கிருந்து நானும் விமானம் ஏறினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. நீ தனியாகக் கிடந்தாய். கூப்பிட ஆளில்லாமல், பிடிக்க ஒரு கையில்லாமல், அந்தச் சத்தமில்லாத ஊரில் கிடந்தாய். வேறு எதற்கும் எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு மட்டும் அழுதேன்.

உன்னைக் கண்டெடுத்தது எதிர் வீட்டு விவசாயி. வயதானவர், ஆங்கிலத்தை யோசித்து யோசித்துப் பேசுகிறவர். காப்பியும் ஒற்றை பிஸ்கட்டும் கொடுத்து உட்காரவைத்தார். காலையில் அவர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்களாம். அங்கே எல்லாரும் மணியைத்தான் அழுத்துவார்கள், தட்டுவது நீ ஒருத்திதான். நீ என்று நினைத்துத் திறந்திருக்கிறார். வாசலில் யாரும் இல்லை. எதிரே உன் கதவு மட்டும் திறந்து கிடந்திருக்கிறது. ஓடி வந்து பார்த்தபோது உனக்கு உயிர் இருந்ததாம். உன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம், ஆம்புலன்ஸ் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

பிறகு என்னிடம் கேட்டார். "அவருடன் இருந்த இன்னொரு அம்மா இப்போது எங்கே போனார்?"

அவள் தனியாகத்தான் இருந்தாள் என்றேன்.

"இல்லையே. தினமும் தட்டுவார், காத்திருப்பார், உள்ளேயிருந்து திறப்பார்கள். என் சன்னலில் இருந்து பார்ப்பேனே."

அவர் கண் மங்கிய கிழவர் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உன் கையை ஒருவர் பிடித்திருந்தார். அவரை யாரோ போய் அழைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

வீட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டு உன் அண்ணன் பூட்டினார். அவர் காருக்கு நடந்ததும் நான் உன் கதவைத் தட்டினேன். செத்தவர்களை இறந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரக்கூடாது, கூப்பிட்டு அழைத்து வர வேண்டும் என்று லயத்தில் சொல்வார்களே, அது நினைவுக்கு வந்தது. நம்பிக்கை இல்லாதவள்தான் நான், இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "வா, ஊருக்குப் போலாம்" என்றேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பெயர் சொல்லி அழைக்கவில்லை என்பது விமானத்தில்தான் உறைத்தது. அந்த வீட்டில் இறந்தவள் நீ ஒருத்தி மட்டும் அல்லவே. யாரை அழைத்து வருகிறேன் என்று தெரியாமல் அத்தனை கடலையும் தாண்டி வந்தேன்.

வந்ததிலிருந்து நானும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். மகன் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டான், உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் தட்டிவிட்டுக் கொஞ்சம் நிற்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இதுதான். உள்ளே இருப்பது நீயா, அந்தக் கிழவியா என்ற பயம் மட்டும் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

இந்த மடலைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"அக்கா, ஒங்க வீட்டுக்கு யாரும் வந்திருக்காங்களா? மத்தியானம் பால் தீயற வாடை வந்துச்சு. பயந்துபோய் கதவத் தட்டினேன். உள்ள ஒரு பொம்பள குரல், 'வரேன் லா'ன்னு. அப்புறம் யாருமே வரல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் என்னைப் பயத்தோடு பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் நின்னிருக்கணும் நீ" என்றேன். "அவ மெதுவாத்தான் வருவா."

நாளை வரும்போது பால் வாங்கி வருகிறேன். இந்த முறையாவது அடுப்பை அணைத்துவிட்டு வா.