பத்தாவது கதவு எண்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், பேத்திக்கு இழுப்பு குறைந்திருக்கிறதா, புது மருந்து ஒத்துக்கொள்கிறதா என்பதை உடனே எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடியே. அச்சகத்தில் போன வருஷம் சேர்ந்த ஒருவரை எனக்கு மேலே உட்கார வைத்திருக்கிறார்கள், இருபத்தாறு வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறவன் திருத்திய தாளை அவர் ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம், போடட்டும். இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. போன வாரம் போனில் நீ, லீவுக்கு வந்து இங்கேயே இருந்துவிடலாம் என்றிருக்கிறோம், மாடியில் ஒரு சமையலறை மட்டும் போட்டுக்கொண்டால் போதும், மாதக் கடைசியில் அவர் வேலையை விட எழுதிக் கொடுத்துவிடுவார் என்றாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் எடுத்த எடுப்பில் வாடி கண்ணு என்றுவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் தெருவுக்குப் பின்னால் உள்ள பாறைமேட்டைக் கல் குவாரிக்கு விடப்போவதாகப் பேச்சு இருந்தது உனக்குத் தெரியும். எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எதில் கல் உடைக்கலாம் என்று நகர்மன்றம் புது வரைபடம் போட்டது, வீடுகளுக்கு மஞ்சள், குவாரிக்குப் பழுப்பு. குடியிருப்பிலிருந்து முன்னூறு மீட்டருக்குள் பழுப்பு வரக்கூடாது என்பது விதி. நமக்கும் பாறைக்கும் அறுபது மீட்டர்கூட இல்லை, ஆகவே எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. ஆட்சேபணை கேட்கும் கூட்டத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், விதி எண்களைச் சொல்லிச் சொல்லி இருபது நிமிஷம் பேசினேன். அந்த விதிப்புத்தகம் எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது, மெய்ப்புப் பார்த்தவனும் நான்தான், யாரிடம் காட்டுகிறாய் என்ற திமிர். திட்ட அதிகாரி அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, தெருவுல எத்தனை வீடு சார் என்றார். பத்து என்றேன். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். தனித்தனிக் கதவு எண் உள்ள பத்து வீடாவது சேர்ந்து இருந்தால்தான் அது குடியிருப்பு. பதிவேட்டில் ஒன்பது. உங்களதும் உங்க அண்ணனோடதும் ஒரே நம்பர்தானே சார், அப்ப அது ஒரு வீடுதான் என்றார். இரண்டு அடுப்பு, இரண்டு மின்சார மீட்டர், நடுவில் சுவர், பதினொரு வருஷமாக ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிப்பதில்லை, இது எப்படியம்மா ஒரே வீடாகும் என்று கத்தினேன். பின்வரிசையிலிருந்து நம் தெருத் தையல்காரர், அண்ணன் தம்பி பேசாம இருந்தா ரெண்டு வீடா எண்ணிக்கணும்னு ரூல்ல இல்லையே சார் என்றார். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அந்த விதியைப் பத்துத் தடவை படித்தவன், ஒரு தடவைகூட நம் தெருவை எண்ணிப் பார்க்கவில்லை.

மாடிப்படி யார் பங்கு என்பதில் பெரியப்பாவோடு வந்த சண்டை உனக்கு நினைவிருக்கும். பாகம் பிரித்து சுவர் வைத்த கையோடு தனிக் கதவு எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் கையெழுத்தும் ஒரே தாளில் வேண்டும். அவர் வாசலில் போய் நிற்க மாட்டேன் என்று நான் இருந்தேன், நான் வந்தால் போடுவதாக அவர் இருந்தார். தப்பு என்னுடையது மட்டும் என்று நினைத்துவிடாதே, அந்தப் பதினொரு வருஷத்தில் அவருக்கும் கால் இருந்தது.

கூட்டம் முடிந்த சாயங்காலமே தாளை எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியப்பா தரையில் உட்கார்ந்து ஒரு பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே, வா, வழி ஞாபகம் இருந்துச்சா, இல்ல யாரையாவது கேட்டுக்கிட்டு வந்தியா என்றார். தாளை நீட்டினேன். தாமதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம், அதில் என்ன எழுதுவது என்று நான் யோசிக்க, ரெண்டு பேருக்கும் கொழுப்புன்னு எழுதுடா, உண்மையைத்தானே கேக்கறான் என்றார். நான் குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன். கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார். திரும்பும்போது, பொண்ணு லீவுக்கு வருதாமே, மேல இடம் பத்தலைன்னா இந்தப் பக்கமும் ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எண் நாலே நாளில் கிடைத்தது, நீலத் தகட்டில். ஆனால் வரைபடத்தின் வரைவை நகர்மன்றத்தில் ஒட்டிய தேதியில் எத்தனை வீடு என்பதுதான் கணக்காம், அதற்குப் பிறகு வந்த எண் சேராதாம். மேல்முறையீட்டுக்கு வக்கீலைப் பார்த்தேன், குடியிருப்பின் சார்பாகத்தான் மனு போடலாம், நீங்கதான் குடியிருப்பே இல்லையே என்று சொல்லி, உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார். போன மாதம் வரைபடத்துக்கு முத்திரை விழுந்தது. நம் வீட்டுப் பின்சுவரையும் தாண்டி நம் தெரு முழுக்கப் பழுப்பு. பழுப்பில் புதிதாக ஒரு செங்கல் வைக்கக்கூட அனுமதி கிடையாது, நீ கேட்ட சமையலறை உட்பட. விற்கலாம் என்றால் வாங்க வருகிறவர்கள் குவாரிக்காரர்கள்தான், அவர்களும் அவசரப்படவில்லை, காத்திருந்தால் நாமே போய்க் கேட்போம் என்று தெரியும். காலையில் பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் சங்கு ஊதிவிட்டு வெடி வைக்கிறார்கள். மாடி ஜன்னலுக்கு மேலே கைநீளத்துக்கு விரிசல். கல்தூசு படிகிறதென்று தையல்காரர் வெள்ளைத் துணி வாங்குவதையே நிறுத்திவிட்டார். கூட்டத்தில் சிரித்தவர் இப்போது சிரிப்பதில்லை, அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அதுவும் இரண்டு நாள்தான்.

அம்மா மறுபடியும் போனில் வா என்றுதான் சொல்வாள். தினமும் மாடி அறையைத் துடைக்கிறாள், நாலு மணி வெடிக்குப் பிறகு மறுபடி துடைக்கிறாள். கேட்டால், வந்து பார்த்து அவங்களே முடிவு பண்ணட்டும் என்கிறாள். நீ வந்து பார்க்க வேண்டாம். நானே இப்போது இருமிக்கொண்டுதான் எழுதுகிறேன், பேத்தியின் நெஞ்சு இதற்குத் தாங்காது. மாப்பிள்ளை இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம் என்று சொல். கொடுத்துவிட்டார் என்றால், என்னைப்போல் மானம் பார்த்துக்கொண்டு நிற்காமல், நாளைக் காலையிலேயே போய்க் கேட்டுத் திரும்ப வாங்கச் சொல். இதை மறந்துவிடாதே.

மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இருங்கள். பேத்தி மூச்சிரைக்காமல் ஓடட்டும். இந்தப் பக்கம் மட்டும் வராதீர்கள் அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா