வெள்ளிக்கிழமை கிளம்பிய பணம்

அன்புள்ள மகன் ஃபலனிகோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நம் தீவில் நான் நலம். நீயும் மருமகள் தெரேசியாவும் பிள்ளைகளும் ஆக்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அது முடியாது, கடைசி வரி வரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

உன் சித்தப்பா செத்தெஃபானோவின் அடக்கம் சனிக்கிழமை குறைவில்லாமல் நடந்தது. மழை கூட ஒதுங்கி நின்றது. நீ ஊரைவிட்டுப் போக விமானச் சீட்டு எடுப்பதற்காகத் தன் இரண்டு மாடுகளை விற்றவர் அவர். ஆகவே அவர் சாவுக்கு வந்த கொடைகளை ஊர் முன்னால் கூவிச் சொல்லும்போது உன் பெயரும் கூவப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நீ கூப்பிட்டு, "நம்ம ஊர்க் காசுல ரெண்டாயிரம் தாலா அனுப்பிட்டேம்மா, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வந்துடும்" என்றாய். நான் கண்ணை மூடி ஒரு முழு ஜெபமாலை சொல்லிவிட்டே திறந்தேன். வரவில்லை. சனிக்கிழமை காலை டாக்சி பிடித்து ஏடிஎம்முக்குப் போனேன். அங்கே என் பென்ஷனில் மிஞ்சிய முந்நூற்றுப் பதினெட்டு தாலா மட்டும் இருந்தது. போக வர டாக்சிக்கு இருபது.

அடக்கம் முடிந்து, கொடைகளைக் கூவும் வைமுலி புல்தரையில் வந்து நின்றார். பிரிஸ்பேனில் இருக்கும் நம் உறவுக்காரப் பையன் பெலெனாத்தோவின் பணமும் வந்து சேரவில்லை. ஆனால் அவன் அக்கா அகத்தா, பணம் போட்டாயிற்று என்று அவன் அனுப்பிய ரசீதுப் படத்தைப் போனில் தூக்கிக் காட்டினாள். வைமுலி அதைப் பார்த்தே மூவாயிரம் என்று கூவிவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "உங்க பையனும் படம் அனுப்பியிருக்கான்ல அக்கா, பச்சை டிக் இருக்கு, கூவிடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வராத பணத்தை வந்தது என்று இறந்தவர் முன்னால் சொல்வது பொய். கன்னியர் மடத்துப் பள்ளியில் பத்து வருடம் படித்த எனக்கு அது வாயில் வராது. சாவுக்கு மரியாதையாக உன் அப்பா பெயரில் நான் கொடுத்த மெல்லிய பின்னல் பாயை மட்டும் கூவினார்கள். உன் பெயர் இல்லை. அகத்தா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன பெரியம்மா, உங்க பிள்ளை பணம் நீந்தியா வருது? சுறா கடிச்சிடப் போகுது" என்றாள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை நீயும் என்னையே கோபித்தாய். "படத்தைக் காட்டினா என்னம்மா குறைஞ்சிடும், எல்லாரும் அதைத்தானே பண்றாங்க" என்றாய். எல்லோரும் செய்வதை நான் எப்போது செய்திருக்கிறேன்? பெயர் கூவப்படாமல் போனதற்குக் காரணம் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். வருத்தம் உண்டு. ஆனால் மறுபடியும் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வங்கி வாசலில் நின்றேன். உள்ளே ஒரு சின்னப் பெண், "வந்துகிட்டே இருக்கும்மா. புதுப் பேருக்கு முதல் தடவை அனுப்பினா நிறுத்தி வச்சுப் பாப்பாங்க, நடுவுல சனி ஞாயிறு வேற" என்றாள். எழுபத்து நான்கு வருடமாக இதே பெயர், யாருக்கு அது புதிது என்று கேட்டேன். பணம் ஞாயிறு பூசைக்குப் போயிருந்ததா என்றும் கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நீ அங்கே உன் நண்பனுக்குக் காபிக் காசு அனுப்பினால் கோப்பை ஆறுவதற்குள் போய்விடுகிறது. விமானம் நான்கு மணி நேரத்தில் இங்கே இறங்குகிறது. உன் கணக்கிலிருந்து எடுக்க அவர்களுக்கு ஒரு நொடி போதும், என் கையில் கொடுக்க மட்டும் நான்கு இரவு வேண்டும். அந்த நான்கு இரவும் அது யார் பையில் தூங்கியது? கேட்டால் ஒரு படிவம் தருகிறார்கள். அதிலும் இரண்டு எழுத்துப் பிழை, திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய் பதினொரு மணிக்கு வந்தது. நீயோ, "கவர்ல போட்டுச் சித்திகிட்ட சத்தமில்லாம குடுத்துடும்மா" என்றாய். திருடியதைத் திருப்பி வைக்கிற மாதிரியா? முழுவதையும் நோட்டாக எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டு நேராக உன் சித்தி லூசியா வீட்டுக்குப் போனேன். இரவல் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு அவள் தனியாக இருந்தாள். வைமுலி நின்ற அதே புல்தரையில் போய் நின்றேன். கூவுவதற்கு வைமுலியைப் போல எனக்கு ஊர் கொடுத்த பட்டம் இல்லை, குரலும் இல்லை. இருந்தும் கவரைத் தலைக்கு மேல் தூக்கி, ஆக்லாந்திலிருந்து ஃபலனிகோ, தன் சித்தப்பா செத்தெஃபானோவுக்கு, இரண்டாயிரம் தாலா என்று கூவினேன். லூசியா நாற்காலியைக் கீழே வைத்தாள். சுவரில்லாத அந்தத் திறந்த வீட்டுக்குள் போய், ஊர்ச் சபையில் உட்கார்கிற மாதிரி சம்மணமிட்டு உட்கார்ந்து, "இன்னும் சத்தமா அக்கா, அவருக்குக் காது மந்தம்" என்றாள். மறுபடி கூவினேன். சாலையில் வந்த பஸ், சபை கூடியிருக்கிறது என்று நினைத்து, ஊர் வழக்கப்படி மரியாதைக்குப் பாட்டை நிறுத்தி, மெல்ல ஊர்ந்து கடந்து போனது.

மகனே, ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. சித்தப்பாவின் ஆன்மாவுக்காக ஒரு பூசை வைக்கச் சொல். கல்லறைக்கல் வைக்கும் நாளுக்குப் பணம் அனுப்புவதானால் பத்து நாள் முன்னதாக, திங்கட்கிழமை காலையில் அனுப்பு. பெலெனாத்தோவின் மூவாயிரம் இன்றுவரை வரவில்லை என்று லூசியா சொன்னாள். அதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை, நீயும் சொல்லாதே.

உன் அன்புள்ள அம்மா,
மாலியா பெத்தெலினா